பங்கேற்பாளர் நாற்பத்தொன்று

எடெல்மிராவின் விரல்நுனிகளில்
எலுமிச்சைச் சோப்பு வாசம்.
அதன் அடியில், போகவே போகாத மத்தி மீன்.
தல்காவானோ ஆலையில் இருபத்தாறு வருஷம்
டப்பா மூடிய விரல்கள்.
இரண்டில் மட்டும்
வியர்வை அளக்கும் கம்பி ஒட்டினேன்.

விதி எளிது.
திரையில் நீலச் சதுரம் வந்தால்
மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு மின்கடி.
மஞ்சள் வந்தால் ஒன்றுமில்லை.
பத்தே நிமிஷத்தில் கற்றுக்கொண்டுவிடும் தோல்:
நீலத்தைப் பார்த்ததும் கோடு எழும்பும்,
கடிக்கு முன்னாலேயே.
கற்பதில் தோல் எப்போதும் முதல் மார்க்.
மறப்பதில்தான்
கடைசி பெஞ்சு.

மறப்பது என்று சொன்னதும் தப்பு.
பேராசிரியர் திருத்துவார்:
அழிப்பதில்லை, மேலே வேறொன்றை எழுதுவது.
மண்டைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒன்று
பழைய பாடத்தை விடாமல் வைத்திருக்கும்;
நெற்றிக்குப் பின்னாலிருந்து இன்னொன்று
"இந்தமுறை இல்லை, இந்தமுறை இல்லை" என்று
அதன்மேல் கைவைத்து அமர்த்தும்.
சில நாள் கை நழுவும்.

அதனால்தான் புகைப்படம்.
உங்களுக்கு ஆதரவாக நிற்கும் ஒருவர் படத்தைக்
கொண்டு வாருங்கள் என்று கேட்டிருந்தோம்.
மகள்கள் வந்தார்கள், கணவர்கள் வந்தார்கள்,
ஒருமுறை நாய் வந்தது.
எடெல்மிரா நீட்டிய படத்தில்
கரண்டியோடு முறைத்துக்கொண்டு ஒரு பெண்.

யார்?
"பக்கத்து வீட்டு ஓர்த்தென்சியா.
பேச்சு நின்று ஏழு வருஷம்.
அவள் கூரைத் தண்ணீர் என் சமையலறையில்தான் இறங்கும்."
வேறு படம் இல்லையா என்றேன்.
தங்கை இருக்கிறாள், சாந்தியாகோவில், என்றாள்.
"ஆனால் அந்தப் பிப்ரவரி ராத்திரி
கடல் உள்வாங்கிப் போனபோது
என்னை இழுத்துக்கொண்டு மலையேறியது இவள்.
இங்கே பிடித்து."
மின்கடிப் பட்டை கட்டியிருந்த
அதே இடத்தைக் காட்டினாள்.

முந்தின நாள் வந்த அன்செல்மோவுக்குச் சீட்டில் விழுந்தது
ஓர் அந்நியன் படம். அழகன்.
பல் தெரியச் சிரிப்பான்.
அன்செல்மோவின் கோடும் இறங்கத்தான் செய்தது.
படத்தை எடுத்துவிட்டு
நினைவூட்ட ஒரே ஒரு கடி கொடுத்து
மறுபடி நீலத்தைக் காட்டினால்,
தெருமுனையில் காத்திருந்த கடன்காரன் போல
நேரே உள்ளே வந்துவிட்டது பயம்.

எடெல்மிராவுக்கு முறைப்பவள்.
நீலம், முறைப்பு, கடி இல்லை.
நீலம், முறைப்பு, கடி இல்லை.
கோடு தணிந்து தணிந்து
படுத்துக்கொண்டது.
படத்தை எடுத்தேன்.
அடுத்த கடி நான் கொடுக்க வேண்டியது.
முந்திக்கொண்டது பூமி.

சின்னதுதான். எங்கள் கொன்செப்சியோனுக்கு வாடிக்கை.
குவளை நகர்ந்தது. கதவுக் கண்ணாடி
பல்லை நறநறத்தது.
இருவரும் ஒரே நேரத்தில் விளக்கை அண்ணாந்து பார்த்தோம்;
எவ்வளவு ஆடுகிறதென்று பார்க்கத்தான்
இங்கே எல்லோரும் விளக்கைத் தொங்கவிடுகிறோம்.
குனிந்தபோது
கம்பி இல்லாத கையால்
என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

எப்போது பிடித்தாள்? கோட்டில் அது இல்லை.
கோட்டில் இருப்பது
செங்குத்தாக ஓர் ஏற்றம். பிறகு இறக்கம்,
நான் பார்த்த எந்த இறக்கத்தையும்விட வேகமாக.
என் தோலில் யாரும் கம்பி ஒட்டியிருக்கவில்லை.
அது எங்கே ஏறி எங்கே இறங்கியதென்று
எந்தத் தாளிலும் கிடையாது.

பதிவேட்டில் எழுதினேன்:
பங்கேற்பாளர் 41. தரவு செல்லாது.
காரணம்: நில அதிர்வு.
ஒருத்தியின் கோட்டை வைத்து எதுவும் சொல்லக் கூடாது,
அறுபது பேர் வேண்டும், சராசரி வேண்டும்.
தெரியும்.
அந்தத் தாளைக் கிழிக்கவுமில்லை.

பசையைத் துடைத்துவிட்டேன்.
பேருந்துக் காசுக்குக் கையெழுத்துப் போட்டாள்.
படத்தைக் கேட்டு வாங்கிப்
பைக்குள் வைத்தாள், முகம் உள்பக்கமாக.
வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள்.
"மழை வரும்போல் இருக்கிறது.
அந்தக் கூரையைப் பற்றி
இன்றைக்காவது அவளிடம் கேட்டுவிட வேண்டும்."